வட சென்னைக் குரல்களைத் தேடக்கூடியதாக்குவது எப்படி? ஆடியோ, வீடியோ பதிவுகளுக்கு ஏஐ துணையுடன் ஒரு முழுமையான வழிகாட்டி

வட சென்னையில் பதிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த பேட்டிகள், பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர்களின் நினைவுகள், எண்ணூர்க் கழிமுகம் பற்றிய கூட்டங்கள், புளியந்தோப்பு கானாக் கச்சேரிகள், வியாசர்பாடி ஃபுட்பால் மேட்ச்கள் என எல்லாம் போனிலும் பென்டிரைவிலும் பழைய கேசட்டிலும் மணிக்கணக்கில் கிடக்கின்றன. ஆனால் "1914இல் எம்டன் கப்பல் குண்டு போட்டதைப் பற்றித் தாத்தா சொன்ன கதையை யாரோ சொன்னார்களே, அது எந்தப் பதிவு?" என்று ஒருவர் கேட்டால், அத்தனையையும் முதலிலிருந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வளவு நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. பதிவு இருந்தும் இல்லாத கணக்குதான்.

பேச்சை எழுத்தாக்கும் ஏஐ மென்பொருள்கள் இப்போது வீட்டு லேப்டாப்பிலேயே ஓடுகின்றன. செய்தி வாசிக்கும் தமிழை அவை நன்றாகப் பிடிக்கும். "வூட்டாண்ட நின்னுகினு இருந்தாரு" என்றால் தடுமாறும். அதனால் இந்த வேலையில் பாதி மென்பொருளைச் சேர்ந்தது, மறுபாதி நம் பேட்டைச் சொற்களைத் திரட்டிக்கொடுக்கும் நம்மைச் சேர்ந்தது. பெரும்பாலான வழிகாட்டிகள் அந்த மறுபாதியைப் பேசுவதில்லை. இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

1. கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் கேள்விகளை எழுதுங்கள்

இந்தப் பதிவுகளில் மக்கள் என்னவெல்லாம் தேடுவார்கள் என்று ஒரு இருபது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். ஒரு மீனவர், ஒரு பள்ளி ஆசிரியர், மில் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், ஒரு கல்லூரி மாணவர் என நாலு பேரிடம் கேளுங்கள். "1921 ஸ்ட்ரைக் பத்தி யாராவது பேசியிருக்காங்களா?", "ஃபைபர் போட் வந்த பிறகு கட்டுமரம் என்ன ஆச்சு?", "மிக்ஜாம் புயலப்போ எண்ணெய் வந்துச்சே, அதைப் பார்த்தவங்க யாரு?" இப்படி அவர்கள் வாய்ப்பேச்சிலேயே எழுதுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள். கடைசியில் உங்கள் தேடல் வேலை செய்கிறதா என்று பார்க்கப்போவதும் இதே கேள்விகளை வைத்துத்தான்.

2. அனுமதியை மறுபடியும் கேளுங்கள்

பத்து வருடம் முன்பு பேட்டி கொடுத்த ஒருவர் கேமராவின் முன் பேசச் சம்மதித்தார், அவ்வளவுதான். தன் ஊரின் பெயரைத் தட்டினால் தான் பேசிய நொடி வந்து நிற்கும் என்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு. தேடக்கூடியதாக்கியதும் ஒரு பேச்சின் வீச்சு மாறிவிடுகிறது. கம்பெனிக்கு எதிராகக் கூட்டத்தில் பேசியவர், கடன் வாங்கிய கதையைச் சொன்ன அம்மா, குழந்தைகள் என இவர்கள் எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரில் போய்க் கேட்பதே முறை. "எல்லோரும் தேடலாம்", "நம்ம ஆட்கள் மட்டும் தேடலாம்", "தேடலில் வேண்டாம்" என மூன்று வாய்ப்புகள் கொடுங்கள். பதிலை அந்தப் பதிவின் விவரத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள். காலமானவர் என்றால் குடும்பத்தாரைக் கேளுங்கள்.

3. கோப்புகளை ஒழுங்குக்குக் கொண்டுவருதல்

இது சலிப்பான வேலை. ஆனால் தவிர்க்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து, ஆண்டு, இடம், வகை, வரிசை எண் என்ற ஒழுங்கில் பெயர் வையுங்கள். ஆட்களின் பெயர் கோப்புப் பெயரில் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரிதாளில் பதிவான தேதி, இடம், அனுமதி நிலை, எதைப் பற்றியது என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும். மொத்தம் மூன்று பிரதிகள் வைத்திருங்கள். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தத் தெரு வரை ஏறும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த பிரதி மட்டும் கையில் இருந்தால், மூலம் யாரிடம் இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். அனுப்பும்போதே வீடியோவும் ஒலியும் சுருக்கப்பட்டிருக்கும். கேசட் என்றால், நல்ல நிலையில் உள்ள டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாக ஆடாசிட்டி மென்பொருளில் பதிவு செய்யலாம். ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிவு செய்யாதீர்கள்.

4. ஒலியைத் தனியாகப் பிரித்தெடுத்தல்

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும். 16 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் வடிவம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சை எழுத்தாக்கும் ஏஐ மென்பொருள்கள், அதாவது பேச்சறியும் மாடல்கள், பெரும்பாலும் இந்த அளவில்தான் கேட்கின்றன. மூலக் கோப்பைத் தொடவே கூடாது. வேலையெல்லாம் பிரதியில்தான்.

காசிமேட்டில் எடுத்த பதிவில் காற்று இரைச்சல், லாஞ்ச் இன்ஜின், ஏலக் கூச்சல் எல்லாம் இருக்கும். உடனே இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டத் தோன்றும். பொறுங்கள். இரைச்சலோடு மெல்லின எழுத்துகளும் சொல்லின் கடைசி ஒலிகளும் சேர்ந்து போய்விடும். நம் காதுக்குச் சுத்தமாகக் கேட்பது மாடலுக்குச் சிதைந்ததாக இருக்கலாம். ஐந்து நிமிடத் துண்டை நீக்கியும் நீக்காமலும் கொடுத்துப் பார்த்து, எது நல்ல எழுத்து தருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

5. பேச்சை எழுத்தாக்குதல்

இதில் இரண்டு பாதைகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது விஸ்பர். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் திறமூலமாக, அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்ட மாடல் இது. 6,80,000 மணிநேரப் பேச்சில் பயிற்சி பெற்றது, தமிழும் அதில் உண்டு. டைனி முதல் லார்ஜ் வரை பல அளவுகளில் கிடைக்கிறது. லார்ஜ் மாடலுக்குச் சுமார் 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும், ஸ்மால் 2 ஜிபியில் ஓடிவிடும். 2024இல் வந்த டர்போ சுமார் 6 ஜிபி கேட்கும், லார்ஜைவிட நல்ல வேகம். தமிழுக்கு ஸ்மாலுக்குக் கீழே போக வேண்டாம். திருத்தும் நேரம் மிச்சப்படுத்திய நேரத்தைத் தின்றுவிடும். ஃபாஸ்டர்-விஸ்பர், விஸ்பர் சிபிபி என்ற வடிவங்கள் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் வேகமாக ஓடும்.

இரண்டாவது, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வகம் வெளியிட்டிருக்கும் இண்டிக்கன்ஃபார்மர். இந்திய மொழிகளுக்கென்றே உருவாக்கப்பட்டது, இதுவும் திறமூலம்தான். இதே ஆய்வகம் விஸ்பரை இந்திய மொழிகளுக்காக மறுபயிற்சி செய்த இண்டிக்விஸ்பர் என்ற மாடலையும் வெளியிட்டிருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் பதிவுகளே சொல்லட்டும். ஒரு மீனவர் பேட்டி, ஒரு தொழிற்சங்கப் பேச்சு, ஒரு பாட்டியின் கதை, ஒரு மைக் கூட்டம் என ஐந்தைந்து நிமிடம் வெட்டி எடுங்கள். அவற்றைக் கையால் சரியாக எழுதிவைத்து, மாடல் எழுதியதோடு ஒப்பிடுங்கள். எத்தனை சொல் தவறு என்று எண்ணினால் தமிழுக்கு நியாயமான விடை வராது. "வந்து கொண்டிருந்தார்" என்பதைச் சேர்த்து எழுதினாலே இரண்டு சொல் தவறு என்று கணக்காகிவிடும். எத்தனை எழுத்து தவறு என்று பாருங்கள்.

விஸ்பரை ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. மொழி தமிழ் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் முதல் 30 நொடியை வைத்துத்தான் முடிவு செய்யும், அங்கே வெறும் அலைச் சத்தமோ நாதஸ்வரமோ இருந்தால் வேறு மொழி என்று எடுத்துக்கொள்ளலாம். "மொழிபெயர்" என்ற வேலையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அது ஆங்கிலத்தில் எழுதிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாரும் பேசாத இடத்தில் விஸ்பர் தானாக வரிகளை எழுதும், அல்லது ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். சரியான வாக்கியமாகவே இருப்பதால் கண்ணில் படாது. யாரோ சொல்லாததைச் சொன்னதாக ஆவணமாகிவிடும். இதைத் தடுக்க, பேச்சு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டறியும் சிலேரோ போன்ற கருவியை ஓட்டி, பேச்சுள்ள பகுதிகளை மட்டும் கொடுங்கள். முந்தைய வரியைப் பார்த்து அடுத்த வரியை எழுதும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

வெளியீட்டை எஸ்ஆர்டி வடிவில் சேமியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் அதில் இருக்கும். நேரக்குறி இல்லாத எழுத்து நமக்குப் பயன்படாது.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் கூகுள் கோலாபின் இலவச வசதியில் ஓட்டலாம். ஆனால் "நம்ம ஆட்கள் மட்டும்" என்று அனுமதி பெற்ற பதிவுகளை வெளி சர்வருக்கு ஏற்றாதீர்கள். இரவு முழுக்க ஓடினாலும் பரவாயில்லை, சொந்த லேப்டாப்பிலேயே ஓடட்டும்.

6. பேட்டைச் சொல் பட்டியல்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

மாடலுக்குத் தெரியாத சொல் வந்தால், அதற்குத் தெரிந்த சொற்களில் ஒலி ஒத்திருப்பதை எழுதிவிடும். வஞ்சிரம் வேறு எதுவாகவோ மாறும். கானாங்கத்தை இரண்டாக உடையும். கல்மண்டபம், மூலக்கொத்தளம், யானைகவுனி, கொருக்குப்பேட்டை எல்லாம் சிதையும். மில்காரர்கள் சொல்லும் லாக்அவுட், ஷிப்ட், வீவிங் போன்றவற்றை ஒரு தடவை தமிழ் எழுத்தில் ஒரு விதமாகவும் அடுத்த தடவை இன்னொரு விதமாகவும் எழுதும். மக்கள் தேடப்போவதோ இந்தச் சொற்களைத்தான்!

ஐந்தாறு பதிவுகளின் எழுத்தாக்கத்தை ஒலியோடு சேர்த்துப் படித்து, மாடல் தவறிய ஒவ்வொரு சொல்லையும் மூன்று பத்திகளில் குறியுங்கள். பேசியவர் சொன்னது ஒரு பத்தி, மாடல் எழுதியது ஒரு பத்தி, மக்கள் தேடக்கூடிய வடிவங்கள் ஒரு பத்தி. எடுத்துக்காட்டாக, மூன்றாவது பத்தியில் வூடு, வூட்டு, ஊட்டாண்ட, வீடு எல்லாம் ஒரே வரியில் வரும். தண்டையார்பேட்டையும் தண்டார்பேட்டையும் பக்கத்தில் நிற்கும். மீன் பெயர்களையும் வாடை, கொண்டல், கச்சான் போன்ற காற்றுப் பெயர்களையும் கரையில் இருப்பவரிடம் கேட்டே எழுதுங்கள். அகராதியில் பார்த்து எழுதினால் தப்பாகும்.

இந்தப் பட்டியலை இரண்டு இடங்களில் பயன்படுத்தலாம். விஸ்பருக்குத் தொடக்கக் குறிப்பாகச் சில சொற்களைக் கொடுக்கலாம், அவற்றின் பக்கம் அது சாயும். ஆனால் அந்தக் குறிப்புக்கு 224 டோக்கன்தான் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) இடம். தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் பல டோக்கனைத் தின்பதால், அந்தப் பதிவுக்கு மிக வேண்டிய பத்துப் பதினைந்து சொற்களை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள். மீதிச் சொற்கள் எழுத்தாக்கம் முடிந்தபின் தேடி மாற்றும் பட்டியலுக்குப் போகட்டும்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் கொடுத்துத் திருத்தலாமா? திருத்தலாம், கடுமையான நிபந்தனையோடு. சும்மா "பிழை திருத்து" என்று சொன்னால் "இன்னா" "என்ன" ஆகும், "அப்பால" "பிறகு" ஆகும், பேசியவர் ஆளே மாறிப்போவார். வட சென்னைப் பேச்சைப் பிழை என்று நடத்துவதற்கு மனிதர்களே போதும், நம் ஆவணமும் அதைச் செய்யக் கூடாது. "பேச்சு வழக்கை மாற்றாதே. வாக்கியத்தைச் சேர்க்காதே, குறைக்காதே. இந்தப் பட்டியலில் உள்ள சொற்கள் சிதைந்திருந்தால் மட்டும் சரிசெய். சந்தேகம் என்றால் அப்படியே விட்டு நட்சத்திரக் குறி போடு" என்று எழுதிக்கொடுங்கள். மாடல் முதலில் எழுதியது, திருத்தியது, தேடலுக்காகப் பொதுத் தமிழ் வடிவங்களைச் சேர்த்தது என மூன்று அடுக்குகளாக வைத்திருங்கள். வாசகர் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது அடுக்கு. மூன்றாவது தேடும் இயந்திரத்துக்கு மட்டும்.

7. யார் பேசுகிறார்கள்?

பயனோட் என்ற கருவி குரல்களைப் பிரித்து, பேச்சாளர் 1, பேச்சாளர் 2 என்று குறிக்கும். இருவர் பேசும் பேட்டியில் நன்றாக வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் ஏலத்தில் எதிர்பார்க்காதீர்கள். பெயர் போடுவது அனுமதி கொடுத்தவருக்கு மட்டும்.

8. சொல் தேடல்: தமிழுக்கென்று மாற்ற வேண்டியவை

எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளமே போதும். அதற்குள்ளேயே முழு உரைத் தேடல் வசதி இருக்கிறது, சர்வர் எதுவும் வேண்டாம். ஆனால் அப்படியே பயன்படுத்தினால் தமிழில் குழப்பும். அதன் வழக்கமான சொற்பிரிப்பான், துணைக்கால், கொம்பு, புள்ளி போன்றவற்றை எழுத்தாகக் கருதாமல் அந்த இடத்தில் சொல்லை உடைத்துவிடும். காடு, கூடு, கேடு மூன்றும் அதற்கு ஒன்றுதான். சொற்பிரிப்பானின் எழுத்து வகைகளில் இந்தத் துணைக்குறிகளுக்கான எம்சி, எம்என் என்ற இரண்டையும் சேர்த்தால் இது சரியாகும். இன்னொரு வழி, மூன்று மூன்று குறிகளாக வெட்டித் தேடும் டிரைகிராம் முறை. சொல்லின் நடுவிலும் தேடும் என்பதால் தமிழுக்கு இதுதான் எனக்குப் பிடித்தது. மூன்று குறிக்குக் குறைந்த "பூ" போன்ற சொற்கள் மட்டும் சிக்காது.

அடுத்தது யூனிகோட், அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை. "கொ" என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. உரையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள இரண்டையும் சேர்த்துத் தட்டியிருப்பதை மட்டும் என்எஃப்சி சரிசெய்யாது. அதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுத வேண்டும்.

மூன்றாவது விகுதி. "துறைமுகம்" என்று தேடினால் "துறைமுகத்துல" கிடைக்காது, மகர மெய் மறைந்துவிட்டது. மக்களை "துறைமுக" என்று தட்டச் சொல்ல முடியுமா? தேடும் சொல் "ம்" என்று முடிந்தால் அதை நீக்கிவிட்டுத் தேடு, "டு" என்று முடிந்தால் "ட்டு" வடிவத்தையும் சேர்த்துத் தேடு என இப்படிச் சில விதிகளை எழுதினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். வீடு, வூடு போன்ற இணைகளைப் பேட்டைச் சொல் பட்டியல் பார்த்துக்கொள்ளும்.

9. பொருள் தேடல்

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. இதைப் பற்றிப் பேசும் ஒரு மீனவர் "எண்ணெய்க் கசிவு" என்றே சொல்லாமல் இருக்கலாம். "கறுப்பா மிதந்துச்சு, வலையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு, மீனை யாரும் வாங்கல" என்பார். சொல் தேடலில் இது அகப்படாது.

இதற்குத்தான் எம்பெடிங். ஒவ்வொரு பேச்சுத் துண்டையும் அதன் பொருளுக்கேற்ற எண் வரிசையாக மாற்றி வைத்தால், பொருள் நெருங்கிய துண்டுகள் எண்ணிலும் நெருங்கி நிற்கும். தமிழையும் புரிந்துகொள்ளும் பன்மொழி மாடல்கள் இருக்கின்றன. லாப்ஸே, பிஜிஇ-எம்3, பன்மொழி ஈ5 மூன்றும் இலவசம். எஸ்ஆர்டியின் ஒற்றை வரிகளை அப்படியே கொடுத்தால் பொருள் போதாது. 30 முதல் 60 நொடி வரையுள்ள துண்டுகளாகச் சேர்த்து, அடுத்தடுத்த துண்டுகள் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டுங்கள். இந்த எண் வரிசைகளைச் சேமிக்கவும் தேடவும் ஃபைஸ் அல்லது குரோமா என்ற கருவி போதும். பேச்சு வழக்கில் இந்த மாடல்கள் சற்று மந்தம். அதனால் மூன்றாவது அடுக்கில் உள்ள பொதுத் தமிழ் வடிவத்தைக் கொடுத்தால் நன்றாகப் பிடிக்கும்.

பொருள் தேடலுக்கு 2017க்கும் 2023க்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் கறுப்புக் கடல்தான். பதிவான ஆண்டையும் பேச்சில் வரும் நிகழ்வின் ஆண்டையும் விரிதாளில் தனித்தனியாகக் குறித்து, வடிகட்டியாக வையுங்கள். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி இன்றைக்கு எடுக்கும் பேட்டிக்கும் இதே கதைதான்.

சொல் தேடல், பொருள் தேடல் இரண்டின் முடிவுகளையும் கலந்து காட்டுங்கள். பெயர், தெரு, மீன் என்றால் சொல் தேடல் வெல்லும். அனுபவம், வருத்தம், காரணம் என்றால் பொருள் தேடல்.

10. படத்துக்குள் இருப்பது, பாட்டுக்குள் இருப்பது

வீடியோவில் காட்சி மாறும் இடங்களைப் பைசீன்டிடெக்ட் என்ற கருவி கண்டுபிடிக்கும். காட்சிக்கு ஒரு படம் எடுத்து, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மூலம் பேனர், கடைப் பலகை, படகு எண் இவற்றைப் படிக்கவைக்கலாம். அச்செழுத்து நன்றாக வரும், சுவரில் கையால் எழுதியது வராது. "கரையில் வலை பின்னும் பெண்கள்" என்று படத்தையே தேட கிளிப் வகை மாடல்கள் உண்டு. தமிழில் தேட வேண்டுமென்றால் பன்மொழி வடிவத்தை எடுங்கள்.

கானா தனிச் சிக்கல். பேச்சறியும் மாடல்கள் பாட்டில் திணறும், மேலே தாளம் வேறு. டெமக்ஸ் என்ற கருவி குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும், அதற்குப் பிறகு கொஞ்சம் தேறும். ஆனாலும் பாடுபவரையே பக்கத்தில் உட்காரவைத்து முதல் இரண்டு வரியையும் யாருக்காகப் பாடியது என்பதையும் எழுதி வாங்குவதுதான் சிறந்தது. இரங்கல் கானாவில் இறந்தவர் பெயர் வரும். அந்த வீட்டில் கேட்காமல் அதைத் தேடலில் சேர்க்காதீர்கள்.

11. சோதனையும் திறப்பும்

முதலில் எழுதிய இருபது கேள்விகளையும் இப்போது ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். முதல் ஐந்து முடிவுகளுக்குள் சரியான இடம் வருகிறதா? வராதவற்றுக்குக் காரணம் எழுத்தாக்கமா, சொல் பட்டியலா, துண்டு வெட்டிய விதமா என்று பாருங்கள். பெரும்பாலும் சொல் பட்டியலாகத்தான் இருக்கும்.

முடிவைச் சொடுக்கினால் அந்த நொடியிலிருந்து ஒலி ஓட வேண்டும், ஐந்து நொடி முன்னாலிருந்து தொடங்கினால் இன்னும் நல்லது. யூட்யூபில் இருக்கும் வீடியோ என்றால் இணைப்பின் கடைசியில் நொடியைச் சேர்த்தாலே போதும். கேள்விக்கு ஏஐ பதில் எழுதித்தரும் வசதியையும் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பதிவும் நேரமும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பதிலைக் காட்ட வேண்டாம்.

தட்டச்சு செய்யச் சிரமப்படும் பெரியவர்களுக்காக மைக் பொத்தான் ஒன்று வையுங்கள். அவர்கள் பேசுவதை அதே விஸ்பர் எழுத்தாக்கி, அதே சொல் பட்டியல் திருத்தித் தேடும். "கடலாண்ட அந்தக் காலத்துல ஏலம் எப்படி வுடுவாங்க" என்று ஒரு அம்மா கேட்டுப் பதில் கிடைத்தால் உங்கள் பட்டியல் சரியாக இருக்கிறது.

யாராவது "என் பேச்சை எடுத்துடுங்க" என்றால், வீடியோவை மட்டும் நீக்கினால் போதாது. மூன்று அடுக்கு எழுத்து, எஸ்கியூலைட் பதிவு, எம்பெடிங் எண்கள், வெட்டிய படங்கள், வேறு வீட்டில் இருக்கும் பிரதி என எல்லாவற்றிலும் நீக்க வேண்டும். கோப்பின் வரிசை எண்ணை இவை எல்லாவற்றிலும் ஒட்டிவைத்திருந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். புதுப் பதிவு வரும்போதும் அதற்கென ஒரு வரிசை எண் கொடுத்து, அனுமதியிலிருந்து வரிசையாக வாருங்கள்.